பதினாறு அமர்வுகள், அடிக்கப்பட்ட ஒரு வரி: காட்பாடி ஆலோசனை அறை பற்றிய என் மதிப்பீடு

காட்பாடியில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் மனநல ஆலோசனை அறைக்கு 2025 ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை பதினாறு முறை போய்வந்தேன். ஓர் அமர்வுக்கு ஐம்பது நிமிடம், கட்டணம் 700 ரூபாய். அவற்றில் ஓர் அமர்வின் பணம் எனக்குத் திரும்பி வந்துவிட்டதால் (அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்) மொத்தச் செலவு 10,500 ரூபாய். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

அறையின் பெயரையும் ஆலோசகரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. மதக் குழுக்களை விட்டு வெளியே வந்தவர்கள் என்னைத் தவிர இன்னும் சிலர் அங்கே வருகிறார்கள். பெயர் தெரிந்தால், "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு தெருமுனையில் அந்தக் குழுக்களின் ஆட்கள் நிற்பார்கள். நான் வெளியே வந்த முதல் மாதம் முழுவதும் என் வீட்டு வாசலில் அப்படித்தான் நின்றார்கள். ஆகவே இந்த மதிப்பீட்டை வைத்து அந்த அறையைக் கண்டுபிடிக்க முடியாது. இதுபோன்ற ஓர் அறையைத் தேடுகிறவர்கள் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவும்.

நான் இருந்த குழு பெரிய திருச்சபை எதையும் சேர்ந்ததன்று. குடியாத்தம் பக்கத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, ஒரே மனிதரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்த கூட்டம். நாற்பது குடும்பங்களுக்குமேல் இருக்காது. அவரை நாங்கள் "ஐயா" என்றுதான் அழைத்தோம். வேலை மாறுவதற்கும், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்கும், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதற்கும் அவரிடம் கேட்க வேண்டும். தனியே அழுது சொன்னது அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயரில்லாமல் வரும். யாரைப் பற்றிய பேச்சு என்பது பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் புரியும். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் மன்னிப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் நட்சத்திரத்தைக் குறைத்தேன் என்பது விளங்காது. அலுவலகத்தில் கோப்பை முடித்துக் கட்டி அலமாரியில் போடுவது போன்ற ஒரு காரியம் அது. யாருக்காவது அநியாயம் நடந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரையே முன்னால் அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் "மன்னித்துவிட்டேன்" என்று மூன்று தரம் சொல்ல வைப்பார்கள். சொன்ன பிறகு அதைப் பற்றி வாய் திறந்தால், குற்றம் அவர் பக்கம் வந்துவிடும். "கசப்பின் வேர் உள்ளே முளைத்துவிட்டது" என்பார்கள். அநியாயம் செய்தவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் ஓர் உபவாச ஜெபத்தின் நடுவே, என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்காமல் போய்வந்ததற்காக ஐயா என்னைக் கன்னத்தில் அறைந்தார். முன்வரிசையில் இருந்த என் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார். அன்று மாலையே நான் எழுந்து நின்று மூன்று தரம் சொன்னேன். நவம்பரில் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்து ஓராண்டு கழித்துத்தான் உதவி தேடினேன். பாகாயத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1957 முதல் இருக்கிறது; குடும்பத்தாரையும் உடன் தங்க வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறைக்குப் பெயர்போன இடம் அது. நானோ உள்நோயாளியாகச் சேரும் நிலையில் இல்லை, உடன் அழைத்துப் போகக் குடும்பமும் இல்லை. அம்மா இன்னும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், தங்கை கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். தூக்கம் வராது, யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்கும். எனக்கு இருந்த தொல்லை இவ்வளவுதான். உட்கார்ந்து பேச ஓர் ஆள் போதும் என்று தேடினேன். "கவுன்சலர்" என்ற பலகையை வைத்துப் பயிற்சியை மதிப்பிட முடியாது என்பதால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பார்க்கும்படி ஒரு நர்ஸ் சொன்னார். இந்த அறையில் அந்தச் சான்றிதழ் கண்ணுக்கு நேரான உயரத்தில், எண்ணைப் படிக்கும்படி மாட்டப்பட்டிருந்தது.

முதல் அமர்வில் தமிழில் அச்சிட்ட இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்பதும், அந்த இரகசியம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எனக்குள்ள உரிமை என்பதும், எந்தெந்த நிலையில் மட்டும் அது மீறப்படும் என்பதும் அதில் இருந்தன. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரிய வந்தாலும் அப்படியே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது, அதில் பெற்றோரோ போதகரோ பெரியவர்களோ உட்கார்ந்து மன்னித்து முடித்துவிட இடமில்லை. ஒன்பது ஆண்டுகள் எதுவும் இரகசியமாக இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால், அந்தத் தாளை நான் கால்மணி நேரம் படித்தேன். ஆலோசகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது அமர்வில்தான் தவறு நடந்தது. கன்னத்தில் அறை விழுந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் அழுதேன். அவர் மென்மையாக, "அவரை மன்னித்துவிட்டால் உங்கள் மனம் கொஞ்சம் லேசாகும் என்று தோன்றவில்லையா, அம்மா?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்ட கேள்வி என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஆனால் நான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன்" என்றேன். மூன்று தரம் சொன்னேன் என்பது பாலாற்றுப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் நான்கு வாரம் நான் போகவில்லை.

அவர் தொலைபேசியில் அழைக்கவில்லை. ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: "சனிக்கிழமை பதினொரு மணி உங்களுக்காகக் காலியாகவே இருக்கிறது." பிப்ரவரி 15-ஆம் தேதி போனேன். நான் உட்கார்ந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "போன முறை அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே உங்களை முடிவுக்குத் தள்ளினேன். அது என் தவறு." அதற்குப் பின்னால் ஓர் "ஆனால்" வரவில்லை. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்ற வழக்கமான சமாளிப்பும் வரவில்லை. இரண்டாவது அமர்வின் 700 ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். மன்னித்தீர்களா என்று கேட்கவில்லை. நான் பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது அமர்வு தொடங்கியது. தவறு செய்தவர் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொன்னால் சிலருக்கு மிகையாகப் படலாம். இருந்தும் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தே தருகிறேன். ஏனென்றால் என் இடத்தில் இன்னொருத்தி இருந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டாள்.

மன்னிப்பைப் பற்றி அவர் விளக்கிச் சொன்னது ஒரே ஒரு முறை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் என்ரைட் போன்ற, மன்னிப்பையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட உளவியலாளர்கள்கூட, மன்னிப்பதையும் மீண்டும் போய் ஒட்டிக்கொள்வதையும் ஒன்றாக்குவதில்லை என்றும், நடந்தது தவறே இல்லை என்று சொல்வதோ, மறந்துவிடுவதோ, நியாயம் கேட்பதைக் கைவிடுவதோ மன்னிப்பின் பகுதி என்று அவர்கள் கருதுவதில்லை என்றும் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நீளமான ஒரு தாளைக் கொடுத்து நான்கு பத்திகள் போடச் சொன்னார்: எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். இந்த அறையில் எனக்குக் கிடைத்தவற்றில் மிகவும் பயன்பட்டது அந்தத் தாள்தான். கூட்டத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரே நீண்ட ஞாயிற்றுக்கிழமை போல மனத்தில் குழம்பிக் கிடந்தது. தேதி போட்டு எழுத எழுத, எது முதலில், எது பிறகு, எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தும் ஏன் இருந்தேன் என்பதெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இரண்டு அமர்வுகள் இதற்கே போயின.

தேதிகளைச் சரிபார்க்க வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய காகிதங்களைக் கொண்டுபோனபோது, அவற்றுள் ஒரு கடன் சீட்டு இருந்தது. சபைக் கட்டட வேலைக்காக என்னிடம் 2,40,000 ரூபாய் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டதாகவும், கேட்கும்போது திருப்பித் தருவதாகவும் ஐயா தம் கையாலேயே எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்டிருந்தார். தேதி 2022 ஜூன் 12. சொந்தத்தில் ஒருவர் விடாப்பிடியாக நின்றதால் எழுதி வாங்கியது. நான் அதை "மன்னித்த" கணக்கில் எப்போதோ சேர்த்துவிட்டிருந்தேன். ஆலோசகர் அதைக் கையில் வாங்கவில்லை. "இது என் வேலைக்கு உட்பட்டதில்லை. மன்னிப்பதற்குக் கெடு எதுவும் கிடையாது, இந்தத் தாளுக்கு இருக்கலாம். தெரிந்தவர்களிடம் இந்த வாரமே காட்டுங்கள்" என்று சொல்லி, தேசியச் சட்ட உதவி எண்ணான 15100 என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வேறிடத்துக்கு அனுப்பும் ஆலோசகர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் போனேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு ஒதுக்கப்பட்ட வக்கீலம்மா சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஸ்டாம்பைப் பார்த்தார். கடன் சீட்டுக்கு வழக்குப் போட எழுதிய தேதியிலிருந்து மூன்றே ஆண்டுகள். ஜூனில் முடிகிறது, மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை, ஏப்ரலிலேயே போட்டுவிடுவோம் என்றார். கெடு தாண்டிவிட்டால், மேல்முறையீடுகளில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதுபோல அசல் வழக்கில் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளாது என்றும் சொன்னார்.

அறைந்ததைப் பற்றிக் கேட்டேன். அது 2023-இல் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 323-ஆம் பிரிவில் வரும்; அதிகபட்சத் தண்டனை ஓராண்டு என்பதால், அதை நீதிமன்றம் எடுத்துக்கொள்வதற்கான காலமும் ஓராண்டுதான். 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. வேண்டுமானால் "காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு" ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறை வாங்கியவளும் நான், மன்னித்தேன் என்று மூன்று தரம் சொன்னவளும் நான், கடைசியில் மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டியவளும் நான்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு பவுன் வளையலும் போனது போனதுதான். தகாத செல்வாக்கால் பெற்றதை எதிர்க்க ஒப்பந்தச் சட்டத்தில் வழி உண்டாம், ஆனால் என்னிடம் சீட்டும் இல்லை, வாயைத் திறக்கும் சாட்சியும் இல்லை.

அன்று தெரிந்துகொண்ட இன்னொரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. சிறு காயம் விளைவித்த குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவு. ஆனால் யார் சமரசம் செய்யலாம் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதில் இந்தக் குற்றத்துக்கு நேராக இருப்பவர் காயம்பட்டவர் மட்டுமே. எங்கள் கூட்டத்தில் மன்னிக்க வேண்டிய நாளையும் நேரத்தையும் முடிவு செய்தவர் அடித்தவர்.

குடியாத்தம் நீதிமன்றத்தில் ஏப்ரலில் வழக்குப் பதிவானது. சில மாதங்களில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. விஷயம், சமரசத்தில் வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போனது. அவர்களே தட்டச்சு செய்துகொண்டு வந்த சமரசத் தாளில் நான்கு வரிகள். முதல் மூன்றும் பணத்தைப் பற்றியவை: தவணைக்கு 80,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகள், தேதிகள், தவறினால் என்ன என்பது. நான்காவது, வாதி பிரதிவாதியை முழுமனதுடன் மன்னித்துவிட்டார் என்றும், இனி இதைப் பற்றி எவரிடமும் பேசமாட்டார் என்றும் சொன்னது. அமர்வில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி எனக்காகத் தாளை வாசித்துக் காட்டி, "சம்மதமா, அம்மா?" என்றார். முதல் மூன்று வரிக்கும் சம்மதம், நான்காவது பணத்தைப் பற்றியது இல்லையே ஐயா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை வக்கீலம்மா பக்கம் நகர்த்தினார். நான்காவது வரியை நீலப் பேனாவால் ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் வைத்தோம். எதிரே நின்ற என் பழைய "ஐயா" மெல்லிய குரலில், "அப்போ பணத்துக்காகத்தான் வந்தியா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா, பணத்துக்காகத்தான்" என்றேன். மக்கள் நீதிமன்றத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆனால் வீடு வரும்வரை என் மனத்தில் ஓடியது அதுவன்று; அவரை இன்னும் "ஐயா" என்று அழைக்கிறேனே என்பதுதான்.

பதிமூன்றாவது அமர்வு முழுவதும் அந்த ஒரு சொல்லில் போயிற்று. பதினான்காவதில், பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சகேயு பேச்சில் வந்தார். எங்கள் கூட்டத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தவள் நான். குள்ளமான மனிதர் காட்டத்தி மரத்தில் ஏறுவார், இயேசு இறங்கி வா என்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பாடம் முடிந்துவிடும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று அந்த மனிதர் சொல்வது அடுத்த சில வரிகளிலேயே இருக்கிறது. அதை ஒருநாளும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. இதை ஆலோசகரிடம் சொன்னபோது அவர் வேதம் பேசவில்லை, "யாராவது குரலை உயர்த்தினால் கை இப்போது என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டார். மாதம் ஒரு முறை அவர் கேட்கும் கேள்வி அது. முன்பைவிடக் குறைவாக நடுங்குகிறது என்றேன், உண்மையும் அதுதான். ஐயாவை மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. அதனால் தூக்கம் கெடுவதாகவும் தெரியவில்லை.

அம்மா விஷயம் வேறு. ஆகஸ்டில் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தார், சாப்பிட்டார், மத்தியானம் தூங்கினார், நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவரை எப்போது மன்னித்தேன் என்று எனக்குத் தெரியாது. தாளின் நான்காவது பத்தியில், "யார் பார்த்தார்கள்" என்பதற்குக் கீழே அவர் பெயரை எழுதிய பிறகு எப்போதோ.

இனி அறையின் குறைகள். காத்திருக்கும் இடம் மாடிப்படித் திருப்பத்தில் போட்ட மூன்று நாற்காலிகள்தான். முன்னால் போனவர் அழுத முகத்தோடு உங்களைக் கடந்துதான் இறங்க வேண்டும். கதவு மெல்லியது, உள்ளே பேசுவது கேட்காமலிருக்க வெளியே ஒரு மின்விசிறியைச் சத்தமாக ஓட விட்டிருக்கிறார்கள், வேலூர் வெயிலில் அது ஒன்றே ஆறுதல். சனிக்கிழமை தவிர மற்ற நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் நேரம் கிடையாது. ரசீது கேட்டால்தான் தருவார்கள். கட்டணச் சலுகை இல்லை. 700 ரூபாய் முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வீட்டிலோ கூட்டத்திலோ இப்போதே ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

பதினாறாவது அமர்வின் முடிவில் அடுத்த தேதி குறிக்கவில்லை. தேவைப்பட்டால் அழையுங்கள் என்றார். இரண்டு தவணைகள் வந்துவிட்டன, மூன்றாவது தை மாதத்தில் வர வேண்டும். வராவிட்டால் வக்கீலம்மாவை அழைப்பேன். அன்றிரவு தூக்கம் வராவிட்டால் இவரை.